கழுத்தில் ஒரு கோடு

இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை. நாகர்கோவிலிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, கரமனைப் பாலம் தாண்டியதும் இறங்கி, ஈரக்குடையும் மஞ்சள் பையுமாக அக்கா என் வீட்டு வாசலில் நின்றபோது மணி எட்டு இருக்கும். கூடவே மகள். அக்கா என்றால் என் பெரியம்மா மகள். மகளுக்கு 29 வயது. பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. காப்பி குடிக்கக்கூடப் பொறுமையில்லாமல் அக்கா பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினாள்.

"ஏட்டி, டாக்டர்மாரு எழுதுறதையெல்லாம் நீதான தமிழ்ல மாத்துவ. இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லு."

உறைக்குள் ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஊசியால் செல்களை உறிஞ்சி எடுத்துப் பார்த்த அறிக்கை. பின்னங்கழுத்து வலிக்கிறது என்று பெண் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறாள். அவர் ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார். வலிக்குக் காரணம் எதுவும் அதில் தெரியவில்லை. ஆனால் முன்கழுத்தில், தைராய்டு சுரப்பியின் வலது மடலில், 18 மில்லிமீட்டர் அளவில் ஒரு கட்டி தெரிந்தது. வலி இரண்டே வாரத்தில் தானாகப் போய்விட்டது. கட்டி நின்றுவிட்டது. ஊசிப் பரிசோதனை அதற்கு 'பாப்பிலரி கார்சினோமா' என்று பெயர் சூட்டியிருந்தது. அதாவது, தைராய்டு புற்றுநோய்களில் மிக அதிகமாகக் காணப்படுவதும், பெரும்பாலும் மிக மெதுவாக வளர்வதுமான வகை.

உறையின் அடியில் பளபளக்கும் காகிதத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் இருந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அழகான ஒரு பெண் தலையை லேசாகச் சாய்த்து, வெறும் கழுத்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். 'தழும்பில்லாத தைராய்டு அறுவை சிகிச்சை. குறைந்தபட்ச ஊடுருவல்' என்று தலைப்பு. தொகையைப் பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றபோது கையில் வந்ததில் பாதிக்கு மேல்.

"காசு போனாப் போகட்டும். கழுத்துல தழும்பு கெடந்தா, நாளைக்குப் பொண்ணு பாக்க வாறவ என்ன கேப்பா?" என்றாள் அக்கா.

பெண் அதுவரை பேசவில்லை. இப்போது சொன்னாள்: "தழும்பு கெடக்கட்டும் சித்தி. சத்தம் போயிரக் கூடாது. நாலு கிளாஸ் நின்னு பாடம் எடுக்கணும்."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் தைராய்டு அறுவை சிகிச்சையின் நூற்றைம்பது ஆண்டு விவாதம் முழுவதும் கிடக்கிறது என்பது எனக்கு அன்று தெரியாது. அடுத்த மூன்று வாரங்களில் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். அதை இங்கே பகிர்ந்துகொள்வதற்குக் காரணம், இது அக்கா வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல என்பதுதான். இந்த ஊரின் பிரச்சினை.

முதலில் என் தொழில் சார்ந்த ஒரு சந்தேகம். 'குறைந்தபட்ச ஊடுருவல்' என்று தமிழில் படித்தால் எல்லைப்புறத்தில் யாரோ இருட்டில் நுழைவதுபோல் இருக்கிறது. மலையாளப் பத்திரிகைகள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமாக 'தாக்கோல் துவார சஸ்திரக்கிரியை' என்று எழுதிவிடுகின்றன. தாக்கோல் என்றால் சாவி. நாஞ்சில் நாட்டிலும் அதே சொல்தான். அக்காவுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. சாவித்துவாரம் அளவு துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன். பித்தப்பைக்கும் குடல்வாலுக்கும் இது கனகச்சிதமான சொல். வயிற்றை நீளமாகக் கிழிப்பதற்குப் பதில் மூன்று நான்கு துளைகள். உள்ளே ஏற்கெனவே ஒரு வெற்றிடம் இருக்கிறது. காற்றை நிரப்பினால் கூடாரம்போல் எழும்பி நிற்கும். வலி குறைவு, வீடு திரும்புவதும் சீக்கிரம்.

கழுத்து அப்படியல்ல. தைராய்டு தோலுக்கு மிக அருகில், மெல்லிய தசைப் பட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. அங்கே வெற்றிடம் எதுவும் கிடையாது. சாவி போட ஒரு பூட்டு இருக்கிறது; ஆனால் கதவே வாசலை ஒட்டித்தான் இருக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் புரியும்.

தைராய்டுக்கு அந்தப் பெயரை வைத்தவர் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர், 1656ல். கேடயம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். நம்மூர்க் கலைச்சொல் அகராதிக்காரர்கள் 'கேடயச் சுரப்பி' என்றார்கள். யாரும் சட்டை செய்யவில்லை. இந்தச் சுரப்பி எதற்காக இருக்கிறது என்று வார்ட்டனுக்குத் தெரியவில்லை. கழுத்துக்கு, குறிப்பாகப் பெண்களின் கழுத்துக்கு, உருண்டு திரண்ட அழகைக் கொடுப்பது அதன் வேலைகளில் ஒன்றாக இருக்கலாம் என்று எழுதி வைத்தார். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் தைராய்டு என்றதும் பெண்ணின் கழுத்தழகைப் பற்றித்தான் முதலில் பேசுகிறோம் என்பது வேடிக்கை.

வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்ததுபோல் மூச்சுக்குழாயின் மேல் கவிந்திருக்கும் இந்தச் சுரப்பியின் எடை 20 கிராம் சொச்சம். ரத்த ஓட்டம் மிக அதிகம். அதன் முதுகை ஒட்டியே குரல் நரம்பு மேலேறுகிறது. மூளையிலிருந்து நேராகக் குரல்வளைக்குப் போகாமல், இடது நரம்பு மார்புக்குள் இறங்கி இதயத்தின் பெருந்தமனியைச் சுற்றித் திரும்பி வருகிறது. வலது நரம்பு தோள்பட்டைக்குப் போகும் தமனியைச் சுற்றி வருகிறது. அது அறுபட்டால் குரல் கரகரத்துப் போகும். இரண்டு பக்கமும் அறுபட்டால் மூச்சே திணறும். மேல்முனையில் இன்னொரு மெல்லிய நரம்பு. உச்சஸ்தாயியில் பாடுவதற்கும் குரலை உயர்த்திக் கூப்பிடுவதற்கும் அது வேண்டும். பின்புறம் அரிசிமணி, பருப்பு அளவில் பெரும்பாலும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள். அவை போனால் ரத்தத்தில் கால்சியம் இறங்கி, உதடும் விரல்நுனியும் மரத்து, கை கால் இழுத்துக்கொள்ளும்.

ஆக, இந்த ஆபரேஷனில் கஷ்டம் தோலில் இல்லை. தோலுக்கு இரண்டு விரற்கடை உள்ளே இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் தைராய்டைத் தொட்ட டாக்டர்களின் நோயாளிகளில் பெரும் பகுதியினர் ரத்தப்போக்கிலும் சீழ்பிடித்தும் இறந்தார்கள். பெரிய பெரிய நிபுணர்களே இதைக் கசாப்பு வேலை என்று ஒதுக்கினார்கள். அதை மாற்றியவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து தியோடர் கோகர். மலைப்பிரதேசம், உணவில் அயோடின் கிடையாது, தெருவெல்லாம் கழலை. கோகர் தம் வாழ்நாளில் 5,000க்கு மேற்பட்ட தைராய்டு ஆபரேஷன்கள் செய்தார். பரபரப்பில்லாமல், ஒவ்வொரு ரத்தக்குழாயாகப் பிடித்துக் கட்டி, சொட்டு ரத்தம் வீணாகாமல் செய்யும் முறை அவருடையது. இறப்பு விகிதம் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. கழுத்தின் அடியில் அட்டிகைபோல் குறுக்கே போடப்படும் வெட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான். 1909ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் கோகரின் பெருமை கத்தியில் மட்டும் இல்லை. சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்ட தம் பழைய நோயாளிகளை அவர் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். அவர்களில் பெரும்பாலோர் முகம் வீங்கி, பேச்சு மந்தமாகி, புத்தி மழுங்கிப் போயிருந்தார்கள். தைராய்டு சுரப்பி எதற்காக இருக்கிறது என்பது அப்படித்தான் உலகத்துக்கு விளங்கத் தொடங்கியது. தம்முடைய 'வெற்றி'களின் பின்விளைவை 1883ல் அவரே மேடையேறிச் சொன்னார். இனி நீர்த்த காரணங்களுக்காக முழுச் சுரப்பியையும் எடுக்கப்போவதில்லை என்றும் அறிவித்தார். எந்தப் புதிய முறையும் இந்த நேர்மையோடு சேர்ந்து வந்தால் நாம் பயப்பட வேண்டியதில்லை.

புதிய முறைகள் 1990களில் வந்தன. 1996ல் மிஷேல் கான்யே பாராதைராய்டு சுரப்பியை எண்டாஸ்கோப் வழியாக எடுத்தார். அடுத்த ஆண்டே இத்தாலியில் தைராய்டின் ஒரு மடல் அதே வழியில் எடுக்கப்பட்டது. பைசா நகரத்து பாவ்லோ மிக்கோலி வேறு விதமாக யோசித்தார். வெட்டு கழுத்திலேயே இருக்கட்டும். ஆனால் ஒன்றரை சென்டிமீட்டர் போதும். அதன் வழியே சிறு கேமராவை விட்டுத் திரையில் பார்த்துச் செய்யலாம். சிறிய கட்டிகளுக்கு மட்டுமே பொருந்தும் இந்த முறைக்கு 'குறைந்தபட்ச' என்ற அடைமொழி தகும்.

பிறகு வந்தவர்கள் கழுத்தையே விட்டு விலகினார்கள். ஜப்பானில் அக்குள் வழியாகவும் மார்பு வழியாகவும் போனார்கள். தென்கொரியாவில் 2007லிருந்து சோல் நகரின் யோன்செய் பல்கலைக்கழகத்து சங் வூங் யூன் ரோபோவை அக்குள் வழியாக அனுப்பினார். பாங்காக்கின் அங்கூன் அனுவோங் 2014ல் தொடங்கி, கீழுதட்டின் உட்புறத்தில் மூன்று துளைகள் போட்டு, தாடை எலும்பைத் தாண்டிக் கழுத்துக்குள் இறங்கும் முறையைச் சீராக்கினார். வெளியே ஒரு கீறல்கூடக் கிடையாது. அக்கா கொண்டு வந்த பிரசுரத்தில் இருந்தது இதுதான்.

இங்கேதான் மொழிபெயர்ப்பாளருக்கு உறுத்துகிறது. அக்குளிலிருந்து கழுத்து வரைக்கும், அல்லது உதட்டிலிருந்து கழுத்தின் அடிவரைக்கும், தோலுக்கும் தசைக்கும் இடையே ஒரு சுரங்கம் பிரிக்க வேண்டும். ஆறு சென்டிமீட்டர் வெட்டில் நேராக எட்டிவிடக்கூடிய இடத்துக்குச் சுற்றுவழியில் போகிறோம். உடலுக்குள் பிரிக்கப்படும் திசுவின் பரப்பைக் கணக்கிட்டால் இது குறைந்தபட்சமில்லை. திறந்த அறுவையைவிட அதிகம். 'தழும்பு தெரியாத அறுவை' என்பது நியாயமான பெயர். 'ஊடுருவல் குறைந்த அறுவை' என்பது விளம்பரம். ஆங்கிலத்தில் சொன்ன பொய்யைத் தமிழில் அப்படியே மொழிபெயர்த்துவிட்டால் பொய் இரண்டாகிறது.

அதற்காக இந்த முறைகளைக் கேவலமாகப் பேசுவதும் சரியில்லை. கேமரா பெரிதாக்கிக் காட்டுவதால் நரம்பும் பாராதைராய்டும் தெளிவாகத் தெரிகின்றன. சிறிய, சுரப்பியை விட்டு வெளியே பரவாத பாப்பிலரி புற்றுநோய்களில், நிறையச் செய்து பழகிய கைகளில், குரல் நரம்புச் சேதமும் கால்சியக் குறைவும் திறந்த அறுவைக்கு நிகரான அளவில்தான் இருக்கின்றன என்று ஒப்பீட்டு ஆய்வுகள் கூறுகின்றன. முதல் சில ஆண்டுகளில் நோய் திரும்புவதிலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பாப்பிலரி புற்றுநோய் இருபது ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டக்கூடிய பேர்வழி. திறந்த அறுவைக்கு அவ்வளவு நீண்ட அனுபவம் இருக்கிறது. வாய்வழி அறுவைக்கு இன்னும் வயது போதவில்லை.

வரவு செலவை இப்படி எழுதலாம். புதிய முறையின் வரவு: கழுத்தில் தழும்பு இல்லை. செலவு: ஆபரேஷனுக்குக் கூடுதல் நேரம், கூடுதல் பணம், சில புதிய ஆபத்துகள். வாய்வழியில் போனால் முகவாய் நரம்பு நசுங்கி மோவாய் மரத்துப் போகலாம். கிருமியில்லாத கழுத்து வாய்க் கிருமிகளுக்குத் திறந்துவிடப்படுகிறது. உள்ளே செலுத்தும் கார்பன் டை ஆக்ஸைடு மிக அபூர்வமாக ரத்தக்குழாய்க்குள் புகலாம். அக்குள் வழியில் கைக்குப் போகும் நரம்புக் கற்றை இழுபடலாம். திறந்த அறுவையில் இவை எதுவும் கிடையாது. அமெரிக்காவில் ரோபோ தைராய்டு அறுவைக்குக் கொடுக்கப்பட்டிருந்த ஒப்புதல் 2011ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. மெலிந்த கொரியப் பெண்களிடம் எளிதாக இருந்தது பருமனான உடல்களில் எளிதாக இல்லை. ஒரு நாட்டில் நன்றாக நடக்கிறது என்பது இன்னொரு நாட்டுக்குச் சான்றிதழாகாது.

பெரிய கட்டி, சுரப்பியை உடைத்துக்கொண்டு வெளியே வந்த கட்டி, கழுத்தின் பக்கவாட்டு நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியது, மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கியது, முன்பே ஆபரேஷன் ஆன கழுத்து: இவற்றுக்கெல்லாம் பொதுவாகத் திறந்த அறுவைதான். இதில் டாக்டர்களிடையே அதிகக் கருத்து வேறுபாடு கிடையாது.

முறையைவிட முக்கியமான இன்னொன்று, ஆபரேஷன் செய்பவரின் அனுபவம். அமெரிக்காவில் சுமார் 17,000 நோயாளிகளின் விவரங்களை அலசிய ஆய்வு ஒன்று 2017ல் வெளியானது. ஆண்டுக்கு 25க்கு மேல் தைராய்டு அறுவை செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவு என்பது அதன் முடிவு. அந்த ஆபரேஷன்களைச் செய்த டாக்டர்களில் பாதிப் பேர், ஆண்டுக்கு ஒன்றே ஒன்று செய்பவர்கள்! துண்டுப் பிரசுரத்தில் கருவியின் படம் இருந்தது. எண்ணிக்கை இல்லை.

இது வரையில் அக்காவின் கேள்விக்குப் பதில். இனி யாரும் கேட்காத கேள்வி.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் காலை ஏழு மணிக்குப் போய் நின்றால் பாதிக் கூட்டம் தமிழ் பேசுவது காதில் விழும். 1981ல் டாக்டர் எம். கிருஷ்ணன் நாயரின் தலைமையில் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையத்தை, அதாவது ஆர்.சி.சி.யை, கன்னியாகுமரியும் திருநெல்வேலியும் தென்காசியும் தங்கள் ஆஸ்பத்திரியாகவே எண்ணி வந்திருக்கின்றன. அந்த மையம் செய்துவந்திருக்கும் அமைதியான வேலைகளில் ஒன்று, மாவட்டத்தில் யாருக்கு என்ன புற்றுநோய் என்று கணக்கெடுத்துப் பதிவேட்டில் ஏற்றுவது. அந்தப் பதிவேடு ஒரு விசித்திரத்தைச் சொல்கிறது. 2012-14ல் திருவனந்தபுரத்தில் ஒரு லட்சம் பெண்களுக்கு 14.6 பேர் வீதம் தைராய்டு புற்றுநோய். ஆய்வில் எடுத்துக்கொண்ட இந்தியப் பகுதிகளிலேயே இதுதான் உச்சம். நாடு தழுவிய கணக்கு 3.5தான். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய நிலவரத்தோடு ஒப்பிட்டால் இங்கே 93 சதவிகித உயர்வு.

உடனே கடற்கரை மணல் ஞாபகத்துக்கு வரும். கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியில் தோரியம் கலந்த மோனசைட் மணல்; இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். ஆர்.சி.சி. அங்கே சுமார் 70,000 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, 2009ல் முடிவை வெளியிட்டது. கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

பின் ஏன்? லியோனில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையைச் சேர்ந்தவர்களும் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2020ல் சங்கடமான பதிலைச் சொன்னது. திருவனந்தபுரத்துப் பெண்களிடம் கண்டுபிடிக்கப்படும் தைராய்டு புற்றுநோய்களில் பெரும் பகுதி, தேடியதால் மட்டுமே அகப்பட்டவை. தேடாவிட்டால் வாழ்நாள் முழுவதும் தொந்தரவே கொடுத்திருக்காதவை. மிகைக் கண்டறிதல் என்று இதைச் சொல்லலாம். படிப்பும் ஆஸ்பத்திரியும் ஸ்கேன் வசதியும் நிறைந்த ஊரில் நோயும் நிறைய அகப்படுகிறது.

நம்புவது கஷ்டம்தான். ஆனால் ஆதாரம் பழையது. 1985ல் பின்லாந்தில் வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை மெல்லிய சீவல்களாக அறுத்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரிடம் நுண்ணிய பாப்பிலரி புற்றுநோய் இருந்தது. அதை அறியாமலே வாழ்ந்து முடித்தவர்கள். தென்கொரியாவில் 1999ல் தேசிய அளவில் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வந்தது. கொஞ்சம் பணம் கூடக் கொடுத்தால் தைராய்டு ஸ்கேனும் உண்டு. 2011ல் அந்த நாட்டில் தைராய்டு புற்றுநோய் 1993ல் இருந்ததைப்போல் 15 மடங்கு. ஆனால் அதனால் இறந்தவர்களின் விகிதம் மாறவே இல்லை. 2014ல் அந்நாட்டு மருத்துவர்கள் சிலரே இதை வெளிப்படையாகக் கண்டித்த பிறகு, ஒரே ஆண்டில் ஆபரேஷன்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

அக்குள் வழி ரோபோ அறுவை செழித்ததும் அதே தென்கொரியாவில்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். தழும்பில்லா அறுவைக்கு ஏற்றவர்கள் யார்? சிறிய கட்டி, பரவாத கட்டி, இளவயதுப் பெண். ஆபரேஷனே தேவைப்படாமல் இருக்கக்கூடியவர்கள் யார்? ஏறத்தாழ அதே பட்டியல். இரண்டு பட்டியல்களும் ஒன்றின் மேல் ஒன்று படியும் இடத்தில்தான் வியாபாரம் கடை விரிக்கிறது. எந்த வழியாக உள்ளே போகலாம் என்று கேட்கும் அவசரத்தில், உள்ளே போகத்தான் வேண்டுமா என்ற கேள்வி விட்டுப்போகிறது.

ஜப்பானின் கோபே நகரில் உள்ள கூமா ஆஸ்பத்திரி 1993லிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுவருகிறது. ஒரு சென்டிமீட்டருக்குள் உள்ள, ஆபத்தான இடத்தில் இல்லாத கட்டிகளை அறுக்காமல், ஸ்கேன் மூலம் கவனித்து வந்தார்கள். 2014ல் வெளியிட்ட கணக்கில் 1,235 பேர். பத்தாண்டுகளில் கட்டி மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்தது நூற்றுக்கு எட்டுப் பேருக்கு. நிணநீர்க் கணுவில் புதிதாகத் தெரிந்தது நூற்றுக்கு நான்கு பேருக்குள். வளர்ந்தவர்களுக்குப் பிறகு ஆபரேஷன் செய்தார்கள். அந்தப் புற்றுநோயால் யாரும் இறக்கவில்லை. அமெரிக்க தைராய்டு சங்கமும் 2015ல் தன் வழிகாட்டுதலைத் தளர்த்தியது: பரவாத, நாலு சென்டிமீட்டருக்குள் உள்ள கட்டிகளுக்கு முழுச் சுரப்பியையும் எடுக்க வேண்டியதில்லை, ஒரு மடல் போதும் என்று சொல்லலாம். முழுச் சுரப்பியும் போனால் ஆயுள் முழுக்கக் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. பாதி மிஞ்சினால் பலருக்கு அது தேவைப்படாது. நான்கில் இரண்டு பாராதைராய்டும் ஒரு பக்கத்துக் குரல் நரம்பும் தொடப்படாமலே இருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டுக் கழுத்துக் கட்டியை யாரும் அலட்சியம் செய்யக்கூடாது. தைராய்டு புற்றுநோய்களில் மூர்க்கமானவையும் உண்டு. வேகமாக வளரும் கட்டி, குரல் கம்மல், விழுங்கக் கஷ்டம், கழுத்தின் பக்கத்தில் நெறிகட்டுதல், குடும்பத்தில் இந்த நோய் இருந்த வரலாறு: இவை இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. மிகைக் கண்டறிதல் என்பது கூட்டத்தைப் பற்றிய உண்மை. தனி ஒருவரிடம் அந்தக் கட்டி எந்த ரகம் என்பதை டாக்டரும் நோயாளியும் உட்கார்ந்து பேசித்தான் தீர்மானிக்க வேண்டும்.

தழும்பைப் பற்றிய கவலையும் அற்பமானதல்ல. கண்ணாடி முன்னால் நிற்கிற ஒவ்வொரு காலையும் நோயை நினைவுபடுத்துகிற தழும்பு சிலருக்குப் பெரிய பாரம். நம் நிறத்துத் தோலில் தழும்பு தடித்துப் புடைத்துவிடும் வாய்ப்பும் அதிகம். அப்படிப்பட்ட உடல்வாகு உள்ளவர், எல்லாம் தெரிந்துகொண்டு, அனுபவமுள்ள கைகளைத் தேடி வாய்வழியைத் தேர்ந்தெடுத்தால் அது அவர் உரிமை. ஆட்சேபம் தேர்வின் மேல் இல்லை. பாதியை மறைத்துவிட்டுத் தேர்ந்தெடுக்கச் சொல்வதன் மேல்தான். ஆர்.சி.சி.யிலேயே 2024ல் ரோபோ அறுவை வசதி வந்திருக்கிறது. பணம் மட்டுமே தீர்மானிக்காத இடங்களில் இந்தக் கருவிகள் வரும்போது, யாருக்கு எது தேவை என்று நிதானமாகச் சொல்லும் வாய்ப்பும் கூடும் என்று நம்புவோம்.

அக்காவுக்காக ஒரு தாளில் ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். இந்தக் கட்டியை இப்போதே எடுக்க வேண்டுமா, கவனித்து வரலாமா? எடுப்பதென்றால் பாதியா, முழுதா? நீங்கள் ஆண்டுக்கு எத்தனை தைராய்டு ஆபரேஷன் செய்கிறீர்கள், அதில் இந்த முறையில் எத்தனை? உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்குக் குரல் போயிருக்கிறது? சாவித்துவாரத்தில் தொடங்கிப் பாதியில் சிக்கலானால், திறந்து முடிக்க யார் இருப்பார்கள்?

பிரசுரம் கொடுத்த இடத்தில் மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லையாம். "அதெல்லாம் நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்றார்களாம். வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் ஐந்துக்கும் பதில் சொன்னார். 18 மில்லிமீட்டர் என்பதால் கவனித்து வருவதைவிட எடுத்துவிடுவது நல்லது. வலது மடல் மட்டும் போதும். வாய்வழியாகவும் செய்யலாம், ஆனால் தமக்கு அதில் பழக்கம் குறைவு, வேண்டுமானால் பழகிய ஒருவரிடம் அனுப்புகிறேன் என்றார். தமக்குத் தெரியாததைச் சொன்ன அந்த வாக்கியத்தில்தான் பெண் முடிவு செய்துவிட்டாள் என்று நினைக்கிறேன். "இவருகிட்டயே போதும் சித்தி" என்றாள்.

கழுத்து மடிப்பை ஒட்டி ஐந்து சென்டிமீட்டர் வெட்டு. மூன்றாம் நாள் வீடு. முதல் இரண்டு வாரம் குரல் கொஞ்சம் களைத்தது, பிறகு சரியாயிற்று.

ஏழு மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். சிவப்பாக இருந்த கோடு வெளுத்துக்கொண்டிருக்கிறது. தெரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்; தெரியும் இடத்திலிருந்து பார்த்தால் தெரிகிறது. அக்கா அதை மறைக்கப் பட்டையான அட்டிகை ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். பெண் மெல்லிய ஒற்றைச் சங்கிலி போட்டுக்கொண்டு, பந்தியின் அந்தக் கோடியிலிருந்த தன் பழைய மாணவி ஒருத்தியைப் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டாள். பந்தியே திரும்பிப் பார்த்தது. அக்கா மட்டும் திரும்பவில்லை. அட்டிகையை டப்பாவுக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.